சகுந்தலாவுக்கு அடுத்த பெயர்

மாலை ஆறரை இருக்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குகிற ரோடு... இதே ரோடுதான். நாம் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறோமே, இங்கிருந்து கொஞ்சம் மேலே. ஒரு பக்கம் பாறைச் சரிவு. இன்னொரு பக்கம் சாமை அறுத்து முடித்த வெற்று நிலம். வீடு கிடையாது, கடை கிடையாது. கரண்டுக் கம்பம் உண்டு, அதில் விளக்கு கிடையாது.

குணசீலன் அண்ணன் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு பைக்கில் வருகிறார். வளைவில் திரும்பும்போதே ஒரு வாசனை மூக்கில் ஏறுகிறது. கருவாட்டுக் குழம்பு. வெந்தயம் தாளித்து, கத்திரிக்காய் போட்டு, புளி நன்றாகச் சுண்டி இறக்குவார்களே... அந்த வாசனை. சுற்றிலும் அடுப்பே இல்லாத இடம்.

வண்டியை மெதுவாக்கினார். ஓடைமேல் சின்னப் பாலம் ஒன்று. அதன் கட்டைச் சுவர்மேல் அவர் தங்கை ஷோபனா உட்கார்ந்திருந்தாள். சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து. வலது கை விரல்கள் பிசைகின்றன... உருட்டுகின்றன... வாய்க்குப் போகின்றன. மறுபடி பிசைகின்றன. எதிரே இலை இல்லை, தட்டு இல்லை, ஒரு பருக்கை இல்லை. வெறும் சிமெண்டு.

“ஷோபி, இங்க இன்னா பண்ற?”

அவள் நிமிரவே இல்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். விழுங்கியது தொண்டையில் இறங்குவதை அவர் பார்த்தார். அப்புறம் சொன்னாள்.

“சாப்ட்டுக்கினு இருக்கேண்ணா. நீ போ, தோ வர்றேன்.”

அதீபா, முதலில் அந்த ஜன்னல் கண்ணாடியை ஏற்று. குளிர் அடிக்கிறது என்று நடுங்குகிறாய், கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே என்ன பார்வை? மரம் விழுந்தது விழுந்ததுதான். டிரைவர் ரம்பத்துக்கு ஆள் தேடிப் போயிருக்கிறார், வருகிறபோது வருவார். அதுவரை வேனுக்குள் அடங்கிக் கிடப்போம். அக்காவிடம் கதை வேண்டும் என்று அடம்பிடித்தது நீங்கள். நடுவில் எவளாவது கத்தினால் நான் நிறுத்திவிடுவேன், சொல்லிவிட்டேன்.

ஷோபனாவைத் தெரியும் அல்லவா? ஆபீஸில் என் பக்கத்து சீட். சந்தவாசல் பெண். ஊரை விட்டு வாணியம்பாடி வந்து, ஹாஸ்டலில் தங்கி, நம்ம ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா அவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மா சகுந்தலா, அண்ணன் குணசீலன், இவள், அவ்வளவுதான். மத்தியானம் ஆனால் அம்மாவிடமிருந்து போன் வரும். ஒரே கேள்வி. “சாப்ட்டியா?” இவள் “சாப்ட்டேம்மா, நீ?” என்பாள். முடிந்தது பேச்சு. நான் கேலி செய்வேன், “இதுக்கு ஒரு ரீசார்ஜா?” என்று.

ஒரு நாள் மேனேஜர் எதிரில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது அந்த போன் வந்தது. கட் செய்துவிட்டாள். அப்புறம் வேலை மும்முரத்தில் மறந்தும் போனாள். சாயங்காலம் தகவல் வந்தது... அம்மா அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார்கள். குழம்பு அடுப்பிலேயே தீய்ந்து கிடந்ததாம்.

அன்றிலிருந்து ஷோபனாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே அழுவாள். “நான் எடுத்திருந்தா ஒரு வார்த்த கேட்டிருப்பேனே ஃபரீதா” என்பாள். நான் ஊட்டிக்கூட விட்டிருக்கிறேன். இரண்டு வாய்க்கு மேல் போகாது. கடைசியில் ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். குணா அண்ணன் வந்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னோடு மலைக்குக் கூட்டிப் போனார். அவருக்கு ஜமுனாமரத்தூரில் வேலை இருந்தது. இடம் மாறினால் பிள்ளை நாலு வாய் சாப்பிடும் என்பது அவர் கணக்கு. அவருக்கு அப்போது வேறு கவலையே இல்லை. அம்மாவை விட்டாயிற்று, இவளையாவது காப்பாற்ற வேண்டும்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். மெயில் சர்வருக்குப் பரீட்சை வைக்கிற வேலை.

“மெஷினுக்கு இன்னா ஆபா பரீட்சை?” என்கிறான் சுஃப்யான். வைப்பார்களடா. கேள்.

மெயில் சர்வரைத் தபாலாபீஸ் என்று வைத்துக்கொள். மலைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்துப் புதிதாக ஒன்று போடுகிறார்கள். ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஐந்நூறு பேரைக் கூட்டி வந்து உட்கார வைக்க முடியுமா? முடியாது. அதனால் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து மெயிலுக்குள் போவார். மேலே இருக்கிற கடிதத்தைத் திறப்பார். பதில் போடுவார். புதிதாக ஒன்று எழுதி இன்னொருவருக்கு அனுப்புவார். வெளியே வருவார். இவர் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு புரோகிராம் உட்கார்ந்து, போனது வந்தது எல்லாவற்றையும் அப்படியே பதிவு செய்யும். நடுவில் அவர் யோசித்துக்கொண்டு சும்மா இருந்த நேரத்தைக்கூட விடாது. பிறகு அந்தப் பதிவில் அவர் பெயர் வருகிற இடங்களையெல்லாம் காலியாக்கிவிட்டு, ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் போதும். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் நிஜமாகவே வந்து மெயில் பார்க்கிற மாதிரி மெஷினே நடிக்கும். ஒவ்வொரு பெயரும் பட்டியலில் தனக்கு அடுத்த பெயருக்கு ஒரு மெயில் போடும். விளங்குகிறதா? ஒருத்தர் பேசியதை ஐந்நூறு பேர் வாயில் போட்டுப் பேச வைப்பது, அவ்வளவுதான்.

அந்த ஒருத்தர் குணா அண்ணன். மலையில் சிக்னல் எப்படி இழுக்கும், எப்படி விடும் என்பதும் பதிவாக வேண்டும் என்று அங்கேயே ஒரு வீடு எடுத்தார்கள். தன் சொந்த மெஷினைத்தான் சர்வராக வைத்தார். கூட வேலை பார்க்க சுரேஷ் என்று ஒரு பையன். மற்றவர்களாக இருந்தால் பதிவு செய்யும்போது மெயிலில் ‘டெஸ்ட் டெஸ்ட்’ என்று எதையாவது அடிப்பார்கள். அம்மா போய் அதிக நாள் ஆகாத மனுஷன்... கை என்ன அடிக்கும்? ‘சாப்ட்டியா’ என்று ஒரு மெயில். ‘சாப்ட்டேன், நீ?’ என்று ஒரு பதில். அதுதான் பதிவானது.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். குணா அண்ணனுக்கு ஒரு பயம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவன் நிஜ ஆட்களின் பெயரை வைத்து இந்த மாதிரி ஓட்டியிருக்கிறான். எங்கேயோ தவறி, அந்த மெயிலெல்லாம் வெளியே பாய்ந்து, ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் போய் விழுந்து, பெரிய கலாட்டா. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அண்ணன் சுரேஷிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

“பேரெல்லாம் நம்மூர் பேரா இருக்கணும்டா. சின்னது, பெருசு, இனிஷியலு வெச்சது எல்லாம் வேணும். ஆனா உயிரோட கீறவங்க பேரு ஒண்ணுகூட வரக் கூடாது.”

சுரேஷ் யோசித்தான். உயிரோடு இல்லாதவர்கள் பெயர்... இனிஷியலோடு, ஊரோடு, படத்தோடு... நம்ம பக்கத்தில் அதற்கா பஞ்சம்? பைக்கை எடுத்தான். திருப்பத்தூரிலிருந்து செங்கம், செங்கத்திலிருந்து சந்தவாசல். பஸ் ஸ்டாண்டு சுவர், டீக்கடைத் தட்டி, டிரான்ஸ்ஃபார்மர் தூண், எங்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் நிறுத்தி, செல்லில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். செத்தவர்களுக்கு மெயில் போனால் யார் வந்து சண்டை போடப் போகிறார்கள்? கெட்டிக்காரன்தான். ஆனால் உட்கார்ந்து டைப் அடிக்கும்போது ஆள் பற்றவில்லை. மறுபடி யார் அலைவது என்று, போஸ்டரில் கண்ணில் பட்ட எல்லாப் பெயரையும் சேர்த்து அடித்துவிட்டான். கீழே ‘வருந்துகிறோம்’ என்று போடுவார்களே, அந்த உயிரோடு இருக்கிறவர்களையும் சேர்த்து.

அதில் ஒரு போஸ்டர் நாங்கள் ஒட்டியது. ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து சந்தவாசல் போய் ஒட்டினோம். ‘எங்கள் தோழி ஷோபனாவின் தாயார் சகுந்தலா அம்மாள் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’. எங்கள் பெயரைப் போடவில்லை. ‘நண்பர்கள்’ என்று மட்டும் போட்டோம். இப்போது நினைத்தாலும் அதற்காக அல்லாவுக்கு ஆயிரம் நன்றி சொல்கிறேன்.

பட்டியலில் சகுந்தலா என்று ஒரு பெயர். அடுத்த பெயர் ஷோபனா. ஐந்நூறு பெயரை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? குணா அண்ணன் அப்படியே மெஷினில் போட்டார்.

மத்தியானம் டெஸ்ட் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. எல்லாரும் உள்ளே போனார்கள், சாப்ட்டியா என்று கேட்டார்கள், சாப்ட்டேன் என்றார்கள், வெளியே வந்தார்கள். அண்ணனுக்கும் சுரேஷுக்கும் சந்தோஷம். சோறு போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அங்கே முத்தம்மா என்று மலைக்காரப் பெண் ஒருத்திதான் சமையல். சாமைச் சோறும் கீரையும் எடுத்து வைத்துவிட்டு ஷோபனாவைக் கூப்பிட்டாள்.

“எனக்கு வேணாங்க்கா. சாப்ட்டேன்.”

“எங்க சாப்ட்ட? இப்பத்தான பாப்பா எறக்கி வெச்சேன்.”

ஷோபனா சிரித்தாள். அம்மா போனதற்கு அப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தாராம் அண்ணன். அவள் கையில் குழம்பு வாசனை. பஜாரில் எங்கேயோ ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு போன் செய்து, “ஃபரீதா, ஷோபி சாப்புடுதும்மா!” என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நானும் ஆபீஸ் சீட்டில் உட்கார்ந்து அழுதேன், மடச்சி.

அடுத்த நாளும் அதே பதில். அதற்கு அடுத்த நாளும். “சாப்ட்டேன்.” ஏப்பம்கூட விட்டாளாம். முத்தம்மாவுக்கு வந்ததே கோபம்.

“இன்னா தம்பி, என் சோறு புடிக்கலன்னா நேரா சொல்லிட வேண்டியதுதான? அந்தப் பொண்ணு எங்கியோ கருவாடு துன்னுட்டு வந்து என்னாண்ட ஏப்பம் வுடுது.”

அப்போதுதான் அண்ணன் தங்கையை ஒழுங்காகப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கை கழுவும்போது மோதிரம் தானாகக் கழன்று தொட்டியில் விழுந்தது. விசாரித்துப் பார்த்தார். பஜாரில் எந்த ஓட்டலுக்கும் அவள் போகவில்லை. அன்று சாயங்காலம்தான் அந்தப் பாலக்கட்டையில் அவளைப் பார்த்தது. வெறும் சிமெண்டைப் பிசைந்துகொண்டு.

மறுநாள் விடிந்ததும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். “வயித்துல ஒண்ணுமே இல்ல. எத்தன நாளா பட்டினி போட்டீங்க? இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா பொண்ணு கையில கெடச்சிருக்காது.” குளுக்கோஸ் ஏற்றினார்கள். மத்தியானம் ஆனதும், ஊசி குத்தியிருந்த கையாலேயே போர்வையைப் பிசைந்தாள். நர்ஸ் வந்து, யார் வார்டுக்குள் மீன் குழம்பு கொண்டுவந்தது என்று எல்லாரையும் சத்தம் போட்டாள்.

டாக்டர் என்ன செய்வார்? மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மலைக்குத் திரும்பி வந்தால், வாசலிலேயே சுரேஷ் நிற்கிறான். முகம் வெளுத்திருக்கிறது.

“ண்ணா, ஆஸ்பத்திரில இருந்துக்கினே டெஸ்ட் ஓட்டினியா நீ?”

“இல்லியே. ஏன்டா?”

“எல்லாத்தையும் நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். ஒருத்தி மட்டும் நிக்காம ஓடிக்கினு கீறா.”

உள்ளே போய்ப் பார்த்தார்கள். பட்டியலில் அத்தனை பெயரும் அசையாமல் கிடக்கிறது. ஒரே ஒரு பெயர் மட்டும் மத்தியானம் வருகிறது, பொழுது சாயும்போது வருகிறது. மெயிலைத் திறக்கிறது. அடுத்த பெயருக்கு ‘சாப்ட்டியா’ என்று போடுகிறது. அந்த அடுத்த பெயரும் உடனே எழுந்து, ‘சாப்ட்டேன், நீ?’ என்கிறது. இதில் ஒரு விஷயம். எல்லாரும் குணா அண்ணன் பதிவுதானே, அதனால் அவர் யோசித்த இடத்தில்தான் எல்லாரும் யோசிப்பார்கள். இந்தப் பெயர் மட்டும் அப்படி இல்லை. எழுத்துக்கு எழுத்து நின்று நின்று, மெதுவாக... ஒரு கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடிப்பது போல.

“யார்ரா இது, சகுந்தலா?” என்று கேட்டார் அண்ணன்.

“தெரியலண்ணா. சந்தவாசல் பஸ் ஸ்டாண்டு செவுத்துல இருந்திச்சு. தோ பாரு.”

சுரேஷ் செல்லை நீட்டினான். பாவம், அவன் அவர் அம்மாவைப் பார்த்ததில்லை, தங்கையையும் ஷோபி என்றுதான் தெரியும். படத்தில் அவர் அம்மா. நாங்கள் ஆபீஸில் தேடித் தேடிப் போட்ட படம், பக்கத்து வீட்டு வளைகாப்பில் சிரித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. நல்ல படம். அண்ணன் செல்லை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ம்மா... ம்மா...” என்று அழுதாராம். பெரிய மனுஷன் அப்படி அழுது அவன் பார்த்ததே இல்லையாம்.

அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல காரியம் ஒன்று செய்தார். பட்டியலில் ஷோபனா என்ற பெயரை அழித்தார். சர்வரிலும் அந்தக் கணக்கை அழித்தார். தங்கை அங்கே இல்லை என்றால் யார் அவளைக் கூப்பிட முடியும்?

மறுநாள் உச்சி வேளை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஷோபனா பாயில் படுத்திருக்கிறாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“ண்ணா, கதவத் தொற. அம்மா வெளிய நிக்குது.”

அண்ணன் காதுகொடுத்துக் கேட்டார். வெளியே... சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம். கர்ர்க்... கர்ர்க்... மண்சட்டியின் அடியில் கிடப்பதைச் சுரண்டி எடுப்பது போல. வாசல் பக்கம் கேட்டது. அப்புறம் ஜன்னல் பக்கம். அப்புறம் பின்கதவு. வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தார். வெறும் வெயில். ஒரு காகம்கூட இல்லை. குழம்பு வாசனை மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது.

சுரேஷ் உள்ளேயிருந்து கூப்பிட்டான். சர்வரில், சகுந்தலா மறுபடியும் ஷோபனா பெயருக்கே போட்ட மெயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இல்லாத ஆளுக்குப் போட்டால், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று சர்வர் தானாகத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்ததும் மறுபடி போடுகிறாள். மறுபடி வருகிறது. மறுபடி போடுகிறாள். மெஷின் சூடாகிக் கொதித்தது.

அன்று பொழுது சாயும்போதும் அப்படியே. அடுத்த நாளும். ஷோபனாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. முத்தம்மா கஞ்சி வைத்து ஊட்டினால் துப்பினாள். “அம்மா சோத்தோட வெயில்ல நிக்குது, நான் மட்டும் எப்பிடித் துன்றது?” என்று கதறினாள். கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்துவிட்டது. போகிற போக்கில் இரண்டு நாள் தாங்குவாளோ என்னவோ என்றுதான் முத்தம்மாவும் சொன்னாள்.

சுரேஷ் சொன்னான், “ண்ணா, அம்மா பேரையே அழிச்சிடு. ஒரே பட்டன். எல்லாம் முடிஞ்சிடும்.”

குணா அண்ணன் போய் மெஷின் எதிரில் உட்கார்ந்தார். சகுந்தலா என்ற பெயரைத் தொட்டு வைத்தார். அழிக்கவா என்று அது கேட்கிறது. விரல் பட்டன்மேல் இருக்கிறது. வெளியே கரண்டிச் சத்தம்... கர்ர்க்... கர்ர்க்...

“அம்மாவுக்கு நெருப்பு வெச்ச கைடா இது,” என்றார். “இன்னொரு தபா அதே கையால எப்பிடிடா?”

சுரேஷைக் கஞ்சி வாங்கிக்கொண்டு வா என்று உள்ளே அனுப்பினார். அவன் போய்த் திரும்புவதற்குள் எழுந்துவிட்டார். வெளியே சத்தம் நின்றிருந்தது. அழித்துவிட்டார் என்றுதான் அவன் நினைத்தான். இல்லையா பின்னே, வேறு என்ன நினைப்பான்?

பாயில் படுத்திருந்த ஷோபனா கண் விழித்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். முத்தம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“முத்தம்மாக்கா... பசிக்குது.”

முத்தம்மா ஓடினாள், சோறு கொண்டுவந்தாள். அள்ளி அள்ளித் தின்றாள் ஷோபனா. விக்கல் எடுக்கத் தின்றாள். ஓ என்று அழுதுகொண்டே தின்றாள். “பாத்தியா, என் சோறு புடிக்காமப் போவுமா?” என்று முத்தம்மாவும் அழுதாள். பட்டினியோடு அழுதுகொண்டிருந்த பெண், அன்றுதான் வயிறு நிறைந்து அழுதாள். இப்போது நீங்களே பார்க்கிறீர்கள், அவள் எப்படி இருக்கிறாள்? சந்தவாசல் பக்கமே வேறு வேலை பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளைகூடப் பார்த்தாயிற்று.

“அவ்ளோதானா ஆபா? பொழச்சிக்கினாங்களா?” என்கிறாள் அதீபா. நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறது பார் குழந்தை.

போன மாதம் சுரேஷ் எனக்கு போன் செய்தான். ஷோபனாவிடம் சொல்ல பயந்துகொண்டு என்னிடம் சொன்னான். வேலை முடிந்து மலையை விட்டு இறங்கும்போது, குணா அண்ணன் அந்த மெஷினைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாராம். அதை வண்டியில் ஏற்றிவிடுவதற்கு முன் சுரேஷ் ஒரு தடவை உள்ளே பார்த்திருக்கிறான். சகுந்தலா என்ற பெயர் அப்படியே இருந்தது. அழிக்கவில்லை. அதற்கு அடுத்த பெயரை மட்டும் மாற்றியிருந்தார். ஷோபனா இருந்த இடத்தில், குணசீலன்.

பக்ரீத் பிரியாணி கொடுக்கிற சாக்கில் சந்தவாசலுக்குப் பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது உச்சி வேளை. வேண்டுமென்றே அப்படிப் போகவில்லை, பஸ் அப்படி.

ஷோபனா டப்பாவை வாங்கித் திறந்து வாசம் பிடித்துவிட்டு, இலை அறுத்து வரப் பின்பக்கம் போனாள். அண்ணன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். யா அல்லா... சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்தால்... அப்படி ஒரு நிறைவு.

“உக்காருங்கண்ணா, சேந்து சாப்டலாம்.”

“நான் சாப்ட்டேம்மா.”

“டயட்டாம். இன்னா டயட்டோ!” என்று பின்பக்கமிருந்து கத்தினாள் ஷோபனா. அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த மெஷின் அடுக்களை ஓரத்தில், போர்வை போட்டு மூடி, உறுமிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

“அந்த வயரைப் புடுங்குங்கண்ணா. நீங்க செத்துப் போய்டுவீங்க. இன்னும் எத்தன நாளிக்கி இப்பிடி?”

“ஷோபிக்குப் பசிக்குது இல்ல? அது போதும் ஃபரீதா,” என்றார். “அம்மாவுக்கு யாருக்காவது சோறு போட்டாத்தான் மனசு ஆறும். எனக்குப் போடட்டுமே.”

நான் பதில் சொல்வதற்குள் அவர் தலை சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, அல்லாமேல் சத்தியம். “தோ வந்துட்டேம்மா” என்று எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். வெறும் அடுக்களை. அடுப்பு பற்றவைத்த சுவடே இல்லை. அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, என்னைப் பார்த்தார்.

“உன்னையும் உக்காரச் சொல்லுது.”

யார் வீட்டுக்குப் போனாலும் சட்டென்று வாயில் வருமே ஒன்று, அதுதான் எனக்கும் வந்தது. கும்பிடுகிற மாதிரி கையைக்கூடத் தூக்கிவிட்டேன். “இல்லம்மா, இப்பத்தான் சாப்ட்டேன்” என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நான்.

அண்ணன் காலியான அந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பொய் சொல்ற, வயிறு ஒட்டிக் கெடக்குதுன்னு சொல்லுது. ஒரு வாயாவது துன்னுட்டுத்தான் போவணுமாம்.”